பதினொன்றாம் டிரம்

அந்த மில்லில் அவரை மாவுக்காரர் என்றால்தான் தெரியும். சாப்பிடுகிற மாவு இல்லை, கல் மாவு. கருங்கல்லைத் தாடை மிஷினில் போட்டு ஜல்லியாக்கி, ஜல்லியை இரும்புக் குண்டுகள் உருளும் பெரிய உருளைக்குள் விட்டு, முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி ஆக்கி எடுப்பது அவர் வேலை. பெயிண்ட் கம்பெனிக்காரன் வாங்குவான், தரை ஓடு செய்கிறவன் வாங்குவான், ரப்பர் செருப்பு செய்கிறவன்கூட வாங்குவான். எதில் எதைக் கலக்கிறார்கள் என்று தெரிந்தால் வெறுங்காலோடு நடக்கலாம் என்று தோன்றும்.

இருபத்தாறு வருஷம் அந்த உருளைக்குப் பக்கத்தில் நின்றதில் காது கொஞ்சம் மந்தம். வீட்டில் பேசினாலும் சண்டை போடுகிற சத்தம்தான் வரும். "பக்கத்துலதானே உக்காந்திருக்கேன், எதுக்கு இப்படிக் கத்தறீங்க?" என்பாள் வீட்டுக்காரி. "நான் எங்க கத்தறேன்?" என்று கத்துவார்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் கை பேசும். உருளையிலிருந்து விழுகிற மாவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கால் மணி நேரம் ஓடட்டும்" என்பார். சலித்துப் பார்த்தால் கால் மணி நேரம்தான் பாக்கி இருக்கும். முதலாளியே அந்த விரலை நம்பித்தான் லாரியை வரச் சொல்வார். அந்த விரல் ஒரே ஒரு தடவைதான் அவரைக் கைவிட்டது. கைவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. விரல் சும்மா இருந்தது. மிச்சத்தையெல்லாம் செய்தது வாய்.

அதே மில்லில் டிரம்முக்கு மூடி போட்டுக் கட்டுகிற வேலையில் இருந்தான் அவருடைய மச்சினன், வீட்டுக்காரியின் தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டது இவர்தான். வாய் நீளம், கை அதைவிட வேகம். ஆனால் சேர்ந்த மூன்றாவது வருஷத்திலேயே இருமல் பிடித்துக்கொண்டது. பேச ஆரம்பித்தால் இருமல், சிரிக்க ஆரம்பித்தால் இருமல். அக்காக்காரி தம்பியைப் பார்க்கிறபோதெல்லாம் புருஷனை ஒரு பார்வை பார்ப்பாள். நீதானே கொண்டுபோய் விட்டாய் என்று அவள் வாய் திறந்து சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் இரண்டு கத்து கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

டாக்டரம்மா மில்லுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். நாற்பது வயது இருக்கும். கான்வாஸ் ஷூ, தோளில் துணிப்பை, கையில் சின்னக் கண்ணாடிப் பாட்டில். டாக்டர் வந்திருக்கிறார் என்று ஆபீஸில் யாரோ சொன்னதுதான் தாமதம், மச்சினன் நேராகப் போய் எதிரில் நின்று இரண்டு தடவை இருமிக் காட்டி, நாக்கையும் நீட்டிவிட்டான்.

"தம்பி, நான் மண்ணுக்கு டாக்டர்" என்றார் அந்தம்மா. "கல்லு, மண்ணு, தூசி. நாக்கை உள்ள போடுங்க."

மில்லே சிரித்தது. அன்றிலிருந்து அவர் டாக்டரம்மா. மாவுக்காரரை அவர் முதல் நாளே அண்ணே என்று கூப்பிட்டார். ஆபீஸ் ரூமில் உட்காராமல் உருளைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் உட்கார்ந்து, இவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே விஷயத்தைச் சொன்னார்.

"நிலாவுல காத்து கிடையாது அண்ணே. ராக்கெட் எறங்கும்போது அடியில நெருப்பு பீச்சும் பாருங்க, அது தூசியைக் கிளப்பிவிடும். இங்கன்னா காத்து தடுக்கும், கொஞ்ச தூரத்துல விழுந்துடும். அங்க தடுக்க ஒண்ணுமே இல்ல. குண்டு மாதிரி பாயும். பக்கத்துல வேற நாட்டுக்காரன் ஏதாவது மிஷின் வெச்சிருந்தா, உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி தேச்சிட்டுப் போயிடும்."

"அப்ப தள்ளி எறங்கச் சொல்லுங்க. இதுக்கு என்ன டாக்டர் வேணும்?"

"எவ்வளவு தள்ளி? அதுக்குத்தான் ரெண்டு வருஷமா அஞ்சு நாட்டுக்காரங்க உக்காந்து அடிச்சிக்கறாங்க. நல்ல இடம் அங்க கொஞ்சம்தான். வெயிலும் வேணும், பள்ளத்துல உறைஞ்சு கெடக்கற தண்ணியும் பக்கத்துல வேணும். தூரத்தைக் கம்மியா வெச்சா ஒருத்தன் எறங்கறதுல இன்னொருத்தன் சாமான் நாசமாயிடும். ஜாஸ்தியா வெச்சா, முதல்ல போனவன் ஒரு கம்பியை நட்டுட்டு, கிட்ட வராதேன்னு பெரிய இடமா வளைச்சுப் போட்டுக்குவான்."

மாவுக்காரர் தலையை ஆட்டினார். அவர் குடியிருந்த தெருவில் குழாயடியிலும் இதே வழக்குதான்.

ஒவ்வொரு நாடும் காற்றில்லாத பெரிய அறை கட்டி, அதில் தூசியைக் கொட்டி, மேலிருந்து பீய்ச்சி, எவ்வளவு தூரம் பறக்கும் என்று கணக்குப் போட்டிருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் ஊர்த் தூசியைப் போட்டார்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரே தூசியைக் கொடுப்போம், பிறகு வருகிற கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்வோம் என்று ஏற்பாடு செய்தது டாக்டரம்மா. தூசிக் குழு என்று ஒன்று வைத்து அவரையே தலைவராகவும் போட்டார்கள்.

"நம்ம நாடு அந்த அஞ்சுல இல்ல அண்ணே. அதனாலதான் நம்மள நம்பறாங்க. உங்க குவாரிக் கல்லு கிட்டத்தட்ட அந்தக் கல்லு மாதிரியே இருக்கு. அம்பது டிரம். நாட்டுக்குப் பத்து."

அரைக்கிற முறையைக் கண்ணாடித்தாள் போட்ட அட்டையில் அச்சடித்து உருளைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார். நாலாவது வரி சிவப்பு எழுத்தில்: தூசி உறிஞ்சும் ஃபேனை நிறுத்திவிட்டு அரைக்கவும்.

மாவுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஃபேன் போடாமல் உருளையை ஓட்டியதே இல்லை. முதலில் ஃபேன், பிறகுதான் உருளை. கை தானாக அந்தப் பொத்தானுக்குத்தான் போகும்.

"நிலாவுல பெருக்க ஆள் இல்ல அண்ணே" என்றார் டாக்டரம்மா. "கோடிக்கணக்கான வருஷத் தூசி அங்கயே கெடக்கு. பொடியிலயும் பொடி எல்லாம் உள்ளயே இருக்கணும். அதுதான் ரொம்ப தூரம் பறக்கறது. ஃபேன் போட்டா முதல்ல அதைத்தான் உறிஞ்சும்." தடித்த மாஸ்க் ஒரு பெட்டி கொடுத்தார். மணிக்கு ஒரு தடவை ஆளை மாற்றச் சொன்னார். கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் 'அரைத்தவர்' என்று ஒரு கட்டம். "இங்க நீங்க கையெழுத்துப் போடணும். அஞ்சு நாட்டுலயும் இதைப் பார்ப்பாங்க."

அன்று சாயங்காலம் சலூனில் முடிவெட்டிக்கொண்டே அதைத்தான் பேசினார். "நான் அரைச்ச மண்ணுலதான் ராக்கெட்டை எறக்கிப் பார்க்கப் போறாங்க. கையெழுத்தும் நான்தான்."

"நீ எறக்கறது இருக்கட்டும்" என்றான் முடிவெட்டுகிறவன். "தலையைக் கொஞ்சம் எறக்கு. கத்தி காதுல பட்டுடும்."

இருந்தாலும் தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. பால் போடுகிறவன்கூட ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தான். ஐந்தாம் வகுப்பு ஆளுக்கு இது போதாதா?

முதல் நாள் அட்டையில் உள்ளபடியே நடந்தது. ஃபேன் ஓடவில்லை. பத்து டிரம். சாயங்காலம் பார்த்தால் எல்லோரும் சாம்பல் பூசிய பொம்மை மாதிரி நின்றார்கள். கண்ணிமையில் தூசி, காது மடலில் தூசி. மணிக்கு ஒரு தடவை மாற்ற ஆள் எங்கே இருக்கிறது? இருந்தது நாலே பேர். மச்சினனுக்கு மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது, கழற்றினால் இருமல் வருகிறது.

இன்னொன்றையும் அன்றே செய்து முடித்தார். சோதித்துப் பார்க்க டிரம்முக்கு ஒரு பாட்டில் மாவு வேண்டும் என்று டாக்டரம்மா எண் ஒட்டிய ஐம்பது பாட்டில் கொடுத்திருந்தார். மாவுக்காரர் ஐம்பதையும் முதல் டிரம்மிலிருந்தே நிரப்பி வைத்துவிட்டார். திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. அந்த மில்லில் அதுதான் வழக்கம். பெயிண்ட்காரனுக்கும் அப்படித்தான், தரை ஓட்டுக்காரனுக்கும் அப்படித்தான். ஒரே கல், ஒரே உருளை, ஒரே ஆள். மாவு மட்டும் எப்படி மாறும்?

இரண்டாம் நாள் காலையில் பதினொன்றாவது டிரம் பாதி நிறையும்போது மச்சினன் இருமத் தொடங்கினான். நிற்கவில்லை. டிரம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மடங்கினான், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கண் செருகிப்போய் உதடு ஒரு மாதிரி நீலமாக இருந்தது. மாவுக்காரருக்கு வீட்டுக்காரியின் அந்தப் பார்வை கண் முன்னால் வந்து நின்றது. போய் ஃபேன் பொத்தானை அழுத்தினார்.

குழாய்கள் உறுமின. கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சுவர் தெரிந்தது, சிவப்பு எழுத்தும் தெரிந்தது. மச்சினன் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, ஃபேனைப் போட்டுட்டீங்களா? அந்தம்மா வேணாம்னாங்களே?"

"நேத்து போன் பண்ணி போடச் சொல்லிட்டாங்க. நீ மூடியைக் கட்டு."

இந்த ஒரு டிரம் மட்டும் என்றுதான் நினைத்தார். விழுகிற மாவை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். நேற்று இருந்த மாதிரியேதான் இருந்தது, வழவழவென்று. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. விரலுக்கே தெரியாத ஒன்று ராக்கெட்டுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று தோன்றியது. பன்னிரண்டாவதுக்கும் ஃபேன் ஓடியது. ஐம்பது வரைக்கும் ஓடியது. உறிஞ்சிய தூசி பின்பக்கத்துப் பைகளில் நிறைந்தது. அதை எப்போதும் போல ஓட்டுக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போனான். முதல் லாரியில் ஒன்று முதல் பத்து வரை ஏறியது. மற்ற நாலு லாரியில் மீதி. படிவத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அதோடு போயிருந்தால் இது ஒரு தப்பு. மில்லில் நடக்காத தப்பா? எட்டு மாசம் கழித்து டாக்டரம்மா திரும்ப வந்தார். இந்தத் தடவை டிரம் மேல் உட்காரவில்லை. சாப்பாட்டு ரூமில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமலே ஆறவிட்டார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நாலு நாட்டுக்கு ஏறக்குறைய ஒரே கணக்கு அண்ணே. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி எறங்கினா போதும்ங்கறாங்க. ஒரு நாடு மட்டும் மூணேமுக்கால் வேணும்ங்குது. மத்தவங்க சிரிக்கறாங்க. இடத்தை வளைச்சுப் போடறதுக்குப் பொய்க் கணக்குக் காட்டறான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் ஒரு வயசான மனுஷர் வருவார், பாவம், அழாத குறை. நாங்க பத்துத் தடவை செஞ்சு பார்த்துட்டோம்னு சொல்றார்." கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பாட்டில் அம்பதும் சோதிச்சாச்சு, எல்லாம் ஒரே மாதிரி. இருந்தாலும் உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அம்பது டிரம்மும் ஒரே மாதிரி அரைச்சதுதானே? ஃபேன் எதுக்காவது போட்டீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே மச்சினன் டிரம்மை உருட்டிக்கொண்டு போனான். வாசலில் முதலாளி நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். போட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்த நொடிக்குள் சலூன்காரன் வந்தான், பால்காரன் வந்தான், ஐந்தாம் வகுப்பு வந்தது, அஞ்சு நாட்டுலயும் பார்ப்பாங்க என்ற பேச்சு வந்தது. இவன் கை வைத்ததால்தான் கெட்டது என்று அஞ்சு நாடும் சொல்லுமே!

"போடலம்மா" என்றார். வழக்கமான சத்தத்தில்கூட இல்லை, மெதுவாக.

டாக்டரம்மாவின் தோள் இறங்கியது. "நீங்க சொன்னா சரி அண்ணே." தாளை நகர்த்தினார். "இதுலயும் ஒரு கையெழுத்து."

போட்டார். கை நடுங்கவில்லை. அது நடுங்கியிருந்தால் அவராவது கண்டுபிடித்திருப்பாரே என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டார்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கேட்டார். "அந்த மூணேமுக்கால் கேக்கறது யாரும்மா?"

"முதல் லாரியில போச்சே, அவங்கதான்."

ஒன்று முதல் பத்து. ஃபேன் போடாத பத்து. அஞ்சு பேரில் சரியாகச் சொன்னது அந்த ஒருத்தர்தான் என்று இவருக்கு அங்கேயே, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு எதிரிலேயே விளங்கிவிட்டது. டாக்டரம்மா கோப்பை மூடினார், ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார், பையைத் தோளில் மாட்டினார், செருப்பு ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். அவ்வளவு நேரம் இருந்தது. இவர் கூடவே நடந்து போய்க் கார் கதவைத் திறந்துவிட்டார்.

ஒரு மாசத்தில் டி.வி.யில் காட்டினார்கள். நீள்வட்ட மேஜை, ஐந்து கொடி, கைகுலுக்கல். ஒன்றரை கிலோமீட்டர் என்று முடிவாகிவிட்டது. ஐந்து பேரும் சேர்ந்து சம்மதித்தால் ஒழிய அந்த எண்ணை மாற்றக் கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள், அடிக்கடி சண்டை வராமல் இருக்க. அந்த வயதான மனிதர் கடைசியாகப் பேசினார். "எங்கள் கணக்கு வேறுதான். இருந்தாலும் எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக விட்டுக்கொடுக்கிறோம்." மாவுக்காரர் எழுந்து போய்ச் சேனலை மாற்றினார்.

"ஏன், உங்க விஷயம்தானே ஓடுது?" என்றாள் வீட்டுக்காரி. டாக்டரம்மா அனுப்பிய அறிக்கையில் இவர் கையெழுத்து இருந்த பக்கத்தைக் கண்ணாடி போட்டு முன் ரூமில் மாட்டியவள் அவள்தான். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். இவர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டார்.

நாலு வருஷம் போயிற்று. அந்த நாலு வருஷத்தில் எத்தனையோ தடவை சொல்ல நினைத்தார். போனில் டாக்டரம்மா நம்பரை எடுத்து வைத்துவிட்டு, எப்படி இருக்கீங்க, கேட்டுட்டுப் போகலாம்னு போட்டேன் என்று பேசி முடித்துவிடுவார். சரி, ஒன்றும் ஆகவில்லையே, ஆகாது போலிருக்கிறது என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டார்.

ஆயிற்று. அந்த முதல் லாரி நாட்டுக்காரர்கள் நிலாவில் வானத்தைப் பார்க்கிற பெரிய கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பதினோரு வருஷ உழைப்பு என்றார்கள். வேறொரு நாட்டுக்காரன் சாமான் இறக்க வந்தான். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்கினான், விதிக்குக் கால் கிலோமீட்டர் கூடவே விட்டுத்தான். ஆனாலும் தூசி போய்க் கண்ணாடியை மொத்தமாகச் சிராய்த்துவிட்டது. அதற்கப்புறம் அதில் ஒன்றும் தெரியவில்லை. மில் ஆபீஸ் டி.வி.யில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினார்கள். இறங்கினவன், நான் விதிப்படிதான் இறங்கினேன் என்றான். கண்ணாடிக்காரர்கள், நாங்கள் அன்றைக்கே சொன்னோம், யார் கேட்டீர்கள் என்று ஒப்பந்தத்திலிருந்தே எழுந்து போய்விட்டார்கள். நாலு பேருக்குச் சாதகமாகத் தூசி கொடுத்தவள் என்று டாக்டரம்மாவைப் பத்திரிகைக்காரர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர் தலைவர் பதவியை விட்டு இறங்கினார்.

மாவுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. "எவனோ எவன் கண்ணாடியையோ கீறினான்னு நீங்க ஏன் பட்டினி கெடக்கறீங்க?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. அவளிடமும் சொல்ல வரவில்லை. நாலாம் நாள் மச்சினனிடம், "டாக்டரம்மா வீட்டுக்குப் போகணும், வண்டியை எடு" என்றார்.

இரண்டாவது மாடி. முன் ரூம் முழுக்க அட்டைப்பெட்டி, ஆபீஸிலிருந்து காலி செய்து கொண்டு வந்தவை. டாக்டரம்மா ஒரு பெட்டியை நகர்த்தி இவருக்கு இடம் செய்தார். மச்சினன் வாசல் பக்கம் நின்றான். மாவுக்காரர் உட்காராமலே, பதினொன்றாவது டிரம்மிலிருந்து ஐம்பது வரைக்கும் சொன்னார், பாட்டிலையும் சொன்னார். எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று பயம்.

டாக்டரம்மா கத்தவில்லை. ஒரு நோட்டை எடுத்தார். "என்னைக்கு, எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"ரெண்டாம் நாள். பத்து, பத்தரை இருக்கும்."

"பையில புடிச்ச தூசி கொஞ்சமாவது இருக்கா? அளந்து பார்க்கலாம்."

"ஓட்டுக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான். யார் வீட்டுத் தரையிலயோ கெடக்கும்."

எழுதிக்கொண்டார். பேனாவை மூடினார். "அன்னைக்கு நான் கேட்டேனே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

படியில் இறங்கும்போது மச்சினன் பிடித்துக்கொண்டான். இருமல் இப்போது முன்னைப் போல இல்லை, வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் முகம் சிவந்திருந்தது.

"அப்ப நான் இருமினதாலதான் அங்க கண்ணாடி போச்சா?"

"அப்படி இல்லடா."

"வேற எப்படி? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? வெளிய போய் உக்காருடான்னு சொல்லியிருந்தா உக்காந்திருக்க மாட்டேனா? அந்தம்மாகிட்ட, ஒருத்தனுக்கு முடியல, ரெண்டு நாள் கழிச்சு அரைக்கறோம்னு சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பாங்க?"

"உன் மூஞ்சி போன போக்கைப் பார்த்து கை தானா போயிடுச்சு."

"சரி. ஃபேன் போட்டது எனக்காக, ஒத்துக்கறேன்." மச்சினன் கடைசிப் படியில் நின்று திரும்பினான். "போடலைன்னு சொன்னீங்களே மாமா, அது யாருக்காக?"

மாவுக்காரர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

பத்து நாள் கழித்துத் தூசிக் குழு அவரைக் கூப்பிட்டது. டி.வி.யில் பார்த்த அதே நீள்வட்ட மேஜை. நேரில் பார்த்தால் ஓரத்தில் பலகை பெயர்ந்திருந்தது. ஐந்து நாற்காலியில் நாலில்தான் ஆள். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள், அதில் யாரோ ஒரு பெண் இவர் பாஷையில் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். காது மந்தம் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று தடவை "என்னம்மா?" என்று கேட்டார். மூன்று தடவையும் மேஜையைச் சுற்றி எல்லோரும் காத்திருந்தார்கள்.

சொன்னதை டைப் செய்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். புதிய தலைவர் கோட்டுப் போட்ட மனிதர், மரியாதையான ஆள். வந்ததற்கு நன்றி சொன்னார்.

"அப்ப அந்த ஒன்றரையை மாத்திடுவீங்கல்ல?" என்று கேட்டார் மாவுக்காரர்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் விளக்கினார், காதில் அந்தப் பெண் சொன்னாள். எண்ணை மாற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாவது ஆள் வருவதில்லை. கடிதத்துக்கும் பதில் போடுவதில்லை. அதுவரை எழுதினதுதான் விதி.

"தப்புன்னு தெரிஞ்சு போச்சே!"

"தெரிந்துவிட்டது" என்றார் தலைவர். "உங்கள் வாக்குமூலத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டோம்."

அப்புறம் அவர் அடிக்கடி அந்த இரண்டாவது மாடிக்குப் போக ஆரம்பித்தார். மில் விடுமுறையில் போவார். டாக்டரம்மாவுக்கு இப்போது வேலை ஒன்றுதான். மீதி நாலு நாட்டுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுவது. விதி என்ன சொன்னாலும், தயவுசெய்து நீங்களாகவே நாலு கிலோமீட்டர் தள்ளி இறங்குங்கள், காரணம் இது. ஒவ்வொன்றின் கீழும் அவரும் இவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு நாடு, முடிந்தவரை பார்க்கிறோம் என்று எழுதியது. மற்றவை எழுதவில்லை. விதிப்படி நடக்கிறவனைக் கூடுதலாக நட என்று சொல்ல யாருக்கு என்ன உரிமை?

ஒரு நாள் மாவுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தக் கண்ணாடிக்காரங்களுக்கு நான் ஒண்ணு போடணும்" என்றார். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. சரி பண்றேன்னு எதையும் மாத்தாதீங்க."

டாக்டரம்மா தாளை எடுத்தார். இவர் கத்திச் சொல்ல, அவர் எழுதினார்.

'ஐயா, நான் மில்லில் கல் அரைக்கிறவன். உங்களுக்கு வந்த பத்து டிரம்தான் சரியான தூசி. மற்றவர்களுக்குப் போனது ஃபேன் போட்டு அரைத்தது. போட்டது நான். கேட்டபோது போடவில்லை என்று சொன்னதும் நான். நீங்கள் சொன்ன கணக்குச் சரி. உங்களை இடம் வளைக்கிறவர் என்று சொன்னது தப்பு. டாக்டரம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பெரியவர் இருந்தால் அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டால்தான் அந்த எண்ணை மாற்ற முடியுமாம். வர மனசு இருக்காது, எனக்குத் தெரியும். இருந்தாலும் வர வேண்டும்.'

அவர்கள் பாஷையில் மாற்றி, பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். மூன்று மாசம் கழித்து டாக்டரம்மா போன் செய்து வரச் சொன்னார். போட்ட சட்டையோடு மில்லிலிருந்து நேராகப் போனார், தலையெல்லாம் தூசி. மேஜை மேல் ஒரு சின்ன அட்டை இருந்தது. ஒரு முத்திரை, ஒரு தேதி, ஒரு வார்த்தை.

"என்ன எழுதியிருக்கு?"

"பெறப்பட்டதுன்னு."

"படிச்சாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க. அதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல."

"அந்தப் பெரியவர்?"

"அவர் போன வருஷமே தவறிட்டாராம். கண்ணாடி போன அடுத்த மாசம். நான் விசாரிச்சேன்."

மாவுக்காரர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். அடுத்த வாரம் இன்னொரு நாட்டுக்காரன் இறங்கப் போகிறான், ஒன்றரை கிலோமீட்டரில், பக்கத்தில் வேறொருத்தன் தண்ணீருக்குத் துளை போட்டுக்கொண்டிருக்கிறான் என்று டாக்டரம்மா சொன்னார். இறங்கப் போகிறவனுக்குத் தந்தி மாதிரி ஒரு அவசரக் கடிதம் தயாராக இருந்தது. இவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இதைப் பார்த்துத் தள்ளி எறங்குவானா?"

"மாட்டான்" என்றார் டாக்டரம்மா, கவரை ஒட்டிக்கொண்டே. "தபால் ஆபீஸ் நாலு மணிக்கு மூடிடும். போற வழியில போட்டுடறீங்களா?"

கவரை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். மூன்றரை ஆகியிருந்தது.